வீட்டுத் தோட்டத்தில் எலிக் கட்டுப்பாடு

வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் ஒரே இரவில் கிழங்குகள் குடையப்பட்டும் நாற்றுகள் சாய்ந்தும் கிடப்பின், அதற்குக் காரணம் பெரும்பாலும் பெருச்சாளி இனமே. மேலைநாட்டுத் தோட்டக்கலை நூல்கள் பேசும் அகழெலி இந்தியச் சமவெளிகளில் இல்லை. மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததன்று. புழு பூச்சிகளை உண்டு வாழ்வது. உருவ ஒற்றுமையால் அதனையும் அடித்துக் கொல்வது வருந்தத்தக்கது.

மாலையில் எல்லா வளைகளையும் மண்ணிட்டு மூட வேண்டும். மறுநாள் காலையில் திறந்திருப்பவையே எலி குடியிருக்கும் வளைகள். அவற்றின் அருகே பொறியை முதல் இரண்டு மூன்று இரவுகள் இயக்காது, இரை மட்டும் வைத்துப் பழக்குதல் நலம். துத்தநாகப் பாஸ்பைடு கலந்த இரையைச் சிறிதளவு தின்று பிழைத்த எலி அதனை மீண்டும் எளிதில் தொடுவதில்லை. மேலும், குழந்தைகள் நடமாடும் கொல்லையில் கடும் நஞ்சைப் பரிந்துரைப்பது பொறுப்பான செயலன்று.

1977-இல் எலிக் கட்டுப்பாட்டிற்கென அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம், ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையத்தை மையமாகக் கொண்டு தொடங்கப் பெற்றது. கூட்டு நடவடிக்கையின் தேவையை எலியின் இயல்பே உணர்த்துகிறது. ஒரு வீட்டார் செலவிட்டு ஒழித்த இடத்தில் அண்டைக் கொல்லையின் எலிகள் விரைவில் குடியேறுகின்றன. செலவு ஒருவருடையது, பலனோ எவருக்கும் நிலைப்பதில்லை. இதனைத் தனிமனிதரின் அக்கறைக்கு விட்டுவிடுவது பொருளாதார நோக்கில் வீண். தெரு முழுவதும் ஒரே வாரத்தில் வளைகளை அகற்றுவதும், குப்பையை நாள்தோறும் அப்புறப்படுத்துவதும் உள்ளாட்சி அலுவலர் முன்னின்று நடத்த வேண்டிய பணிகள். குப்பைமேடு அப்படியே இருக்கையில் பொறிகளை மட்டும் வழங்குவதால் பயனில்லை.