அட்வகேட் ஜெனரல் யார்?

கேள்வி: கிரிவலப் பாதை ஆக்கிரமிப்பு மாதிரியான வழக்குகளில் அரசுக்காக வாதாடுபவர்தான் அட்வகேட் ஜெனரலா? அந்தப் பதவியில் பேர் பெற்றவர் யார்?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: அட்வகேட் ஜெனரல் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர். அன்றாட வழக்குகளை அரசு பிளீடர்களே பார்த்துக்கொள்வார்கள். சிக்கல் பெரிதானால்தான் இவர் எழுந்து நிற்பார். அரசியல் சட்டத்தின் 165-ஆவது பிரிவுப்படி ஆளுநர் நியமிக்கிறார். உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி வேண்டும். சட்டப்பேரவையில் பேசலாம், வாக்களிக்க முடியாது.

பேர் பெற்றவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். 1883-இல் நெல்லூர் மாவட்டத்துப் புதூரில், கோயில் அர்ச்சகரின் மகனாகப் பிறந்தார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தார். 1929 முதல் 1944 வரை, பதினைந்து ஆண்டுகள், சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல். இன்று ஆட்சி மாறினால் ஆளும் மாறும் நாற்காலி அது! 1932-இல் 'சர்' பட்டம் பெற்றார். 1947-இல் அரசியல் சட்ட வரைவுக் குழு உறுப்பினரானார். தாம் வகித்த பதவிக்கான பிரிவையும் சேர்த்தே அந்தக் குழு வரைந்தது. தம்மைவிடத் திறமையானவர்கள் குழுவில் இருந்ததாக 1949 நவம்பரில் சொன்ன அம்பேத்கர், எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டது அல்லாடியின் பெயரைத்தான். அல்லாடி 1953-இல் காலமானார்.