வண்டி போனாலும் கடன் போகாது

கடைக்கு லோடு வண்டியோ, வீட்டுக்குக் காரோ, நம்மில் பலர் தவணையில்தான் வாங்குகிறோம். "இன்ஷூரன்ஸ் இருக்கிறது, விபத்து நடந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று கவலையற்று இருந்துவிடுகிறோம். வண்டி முழுதும் நொறுங்கிவிட்டால் கணக்கு எப்படி முடியும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம்.

கடன் ஒப்பந்தம் வேறு, இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் வேறு. கடன் நம் பெயரில் இருக்கிறது. வண்டி அதற்கு ஈடு மட்டுமே. ஈடு அழிந்தாலும் கடன் நிற்கும்.

பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் கண்ட ஐ.டி.வி. மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை 'டோட்டல் லாஸ்' என்பார்கள். அப்போது கிடைப்பது நாம் வாங்கிய விலை அல்ல, ஐ.டி.வி. தொகைதான். பாலிசி எடுக்கும் நாளில் வண்டிக்கு 6 மாதத்துக்குள் வயது என்றால் 5 சதவீதம் கழிவு. ஒரு வருடம் வரை 15. 2 வருடம் வரை 20. 3 வருடம் வரை 30 என்று ஏறிக்கொண்டே போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஷோரூம் விலை ரூ.5,00,000. வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ரூ.5,50,000 கடன். வட்டி 12 சதவீதம், 60 மாதம். தவணை சுமார் ரூ.12,234. 14 தவணை கட்டியபின் விபத்து. கட்டியது ரூ.1,71,000க்கு மேல், ஆனால் ஆரம்பத்தில் வட்டியே அதிகம் போவதால் அசல் பாக்கி சுமார் ரூ.4,49,300. இரண்டாம் வருட ஐ.டி.வி. ரூ.4,00,000. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருப்பதால் அந்தப் பணம் முதலில் அவர்களுக்கே போகும். மீதி ரூ.49,300ஐ, வண்டியும் இல்லாமல், கடை முதலிலிருந்து நாம் எடுத்துக் கட்ட வேண்டும்.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. முன்பணம் கூடுதலாகக் கட்டுங்கள். வரிக்கும் இன்ஷூரன்சுக்கும் கடன் வாங்காதீர்கள்.

2. பிரீமியம் குறையுமென்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடாதீர்கள்.

3. 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். அது இன்வாய்ஸ் விலைக்கும் ஐ.டி.வி.க்கும் உள்ள வித்தியாசத்தைத் தரும். சரக்கு வண்டிக்கு எல்லாக் கம்பெனியும் தருவதில்லை.

4. டிரைவர் லைசென்ஸ், பர்மிட், எஃப்.சி. மூன்றையும் நடப்பில் வைத்திருங்கள். இவற்றில் குறை இருந்து கிளெய்ம் மறுக்கப்பட்டால் முழுக் கடனும் நம் தலையில் விழும்.

5. கிளெய்ம் முடியும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். அபராத வட்டி ஏறும். செக் திரும்பினால் வழக்கும் வரலாம்.

6. கணக்கு முடிந்ததும் ஃபைனான்ஸ் கம்பெனியிடம் தடையில்லாச் சான்று வாங்குங்கள். வண்டி அழிந்ததை 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

வருடம் ஒருமுறை பாலிசி புதுப்பிக்கும் நாளில் ஃபைனான்ஸ் கம்பெனியிடம் பாக்கிக் கணக்குச் சீட்டு வாங்கி, ஐ.டி.வி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாக்கி அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசத் தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். சரக்கு இருப்பு எடுப்பதுபோல இதுவும் ஒரு இருப்புக் கணக்குதான்.