தேதியைக் கேள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கட்டுரையை நேற்று ராத்திரி ஒரு தடவை படித்தேன். காலையில் எழுந்ததும் மறுபடியும் படித்தேன். பட்டியல் சாதியினர் முதலிய பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு கொடுக்கும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு வருமான வரம்பு எவ்வளவு, எந்தப் பல்கலைக்கழகம் செல்லும் என்பதெல்லாம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை விடு. எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு நேராக வருகிறேன்.

'ஏற்பட்டது' என்ற சொல்லை ஒன்பது இடத்தில் போட்டிருக்கிறாய். பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினேன். கடிதம் அனுப்புவதில் தாமதம் ஏற்பட்டது. பணம் விடுவிப்பதில் சிக்கல் ஏற்பட்டது. தாமதம் என்ன மழையா, தானாக வந்து கொட்டுவதற்கு? ஒரு கோப்பு ஒருவர் மேசையில் கிடந்தது, அவர் கையெழுத்துப் போடவில்லை. நடந்தது அதுதான். அரசாங்கக் குறிப்பில் 'ஏற்பட்டது' என்று எழுதுகிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறார். நீ யாரைக் காப்பாற்ற எழுதுகிறாய்?

2025 ஜூலையில் நடந்ததைப் பார். 106 பேரைத் தேர்ந்தெடுத்த சமூக நீதி அமைச்சகம், முதலில் 40 பேருக்கு மட்டும் தற்காலிகக் கடிதம் கொடுத்தது. மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் கடிதம் வரலாம் என்று சொல்லிவிட்டது. நீ இதை 'நிதிப் பற்றாக்குறை ஏற்பட்டது' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய். கட்டுரையே அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆண்டுக்கு 125 இடம் என்று அறிவித்த திட்டம் அது. 106 பேர் என்றால் இடமே நிரம்பவில்லை. பிறகு பணம் எப்படிப் போதாமல் போகும்? நிதிக்கு ஒப்புதல் கேட்டு யார் எந்தத் தேதியில் எழுதினார்கள்? பதில் எந்தத் தேதியில் வந்தது? செப்டம்பரில் வகுப்பு தொடங்கப்போகிற பிள்ளைக்கு 'வரலாம்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு விசா வாங்க முடியுமா?

இன்னொன்று. பரோடா மன்னர் சாயாஜிராவ் 1913-இல் அம்பேத்கரை அமெரிக்காவுக்கு அனுப்பியதிலிருந்து தொடங்கியிருக்கிறாய். எல்லோரும் அங்கே தொடங்கி, மன்னரின் பெருந்தன்மையைப் புகழ்ந்து, அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நீயும் அதையே செய்திருப்பதுதான் எனக்கு வருத்தம். மாதம் 11.50 பவுண்டு, மூன்று ஆண்டு, திரும்பி வந்ததும் பத்து ஆண்டு சமஸ்தானத்தில் வேலை என்பது ஒப்பந்தம். கொலம்பியாவில் படித்துவிட்டு 1916-இல் அவர் லண்டனுக்குப் போனார். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது, படிப்பு முடியவில்லை. பாதியில் திரும்பினார். நான்கு ஆண்டுக்குள் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்தி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவிடம் உதவியும் நண்பர் நவல் பதேனாவிடம் கடனும் வாங்கி, 1920-இல்தான் மறுபடி கப்பல் ஏறினார். பரோடா கொடுத்த தொகையை மட்டும் பார்த்தால் அது கொடை. தேதிகளையும் சேர்த்துப் பார்த்தால், படிப்புக்கு வேண்டிய காலத்தைவிட முன்னால் தீர்ந்துபோன கொடை.

அதனால்தான் இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். உதவித்தொகைத் திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று கோடிக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. நாள் கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். பிரிட்டனில் படிப்பவருக்குப் பராமரிப்புத் தொகை ஆண்டுக்கு 9,900 பவுண்டு என்று நீ எழுதியிருப்பது சரி. முதல் பவுண்டு கைக்கு வந்த நாள் எது? தேர்ந்தெடுப்பது டெல்லி, பணம் கொடுப்பது அந்த நாட்டில் இருக்கும் இந்தியத் தூதரகம். இரண்டுக்கும் நடுவில் பையன் வாடகை கட்ட வேண்டும். 2022-இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளை இந்தத் திட்டத்திலிருந்து விலக்கியதை நீ கண்டித்திருக்கிறாய், நியாயம்தான். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். இந்த நாள் கணக்கை ஒருவரும் எழுதி நான் பார்க்கவில்லை.

ஏன் இப்படித் துரத்துகிறேன் என்று சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். அந்த ஊர்ப் பெண்ணுக்கு வெளிநாட்டில் படிக்க அரசு உதவித்தொகை கிடைத்திருந்தது. அவளுடைய அப்பா, தேர்வுக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓட்டு வீட்டு வாசலில் நின்றார். படம் எடுத்தேன். நல்ல செய்தி, முதல் பக்கத்தில் வந்தது. நாலு மாதம் கழித்து ஆபீசுக்குப் போன் வந்தது. "சார், பாப்பா போய்ச் சேர்ந்துட்டா. காசு இன்னும் வரல. நீங்க பேப்பர்ல போட்டதைக் காட்டித்தான் வட்டிக்கு வாங்கி அனுப்பினேன். எப்ப வரும்னு கேட்டுச் சொல்றீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. தொகையை எழுதியிருந்தேன், ஊரை எழுதியிருந்தேன், அவர் கண்ணில் தண்ணீர் வந்ததையும் எழுதியிருந்தேன். பணம் எப்போது வரும் என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. என் செய்தியை நம்பி ஒருவர் கடன் கொடுத்திருக்கிறார், ஒருவர் வாங்கியிருக்கிறார். அந்த வட்டியில் எனக்கும் பங்கு உண்டு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆகவே அடுத்த கட்டுரைக்கு ஆறு தேதி கேள். விண்ணப்பம் மூடிய நாள், தேர்வுப் பட்டியல் வந்த நாள், கடிதம் கையில் கிடைத்த நாள், விசா வந்த நாள், வகுப்பு தொடங்கிய நாள், முதல் பணம் வந்த நாள். மாணவர் பெயர் வேண்டாம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இந்தத் தேதிகளைக் கொடுங்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு. மறுத்தால் மேல்முறையீடு செய். பட்ஜெட் புத்தகத்தில் ஒதுக்கீட்டோடு நிற்காதே. திருத்த மதிப்பீடும் கடைசிச் செலவுக் கணக்கும் அதே வரிசையில் பக்கத்திலேயே இருக்கும். நாடாளுமன்ற நிலைக்குழு மானியக் கோரிக்கைகளைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்கிறது. அதையும் எடுத்துப் படி.

இவ்வளவு திட்டியதற்குப் பிறகு இதையும் சொல்ல வேண்டும். கடிதம் வருமா வராதா என்று தெரியாமலே தஞ்சாவூர் கடையில் குளிர் ஜாக்கெட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, வாரா வாரம் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிற அந்தப் பையனை எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தி என் நாற்பது வருஷத் தொழிலில் என்னால் எழுத முடியாத பத்தி. சத்தியமாகச் சொல்கிறேன். அதில் ஒரு 'ஏற்பட்டது' கூட இல்லை, கவனித்தாயா? பையன் போகிறான், தொடுகிறான், திரும்புகிறான். அமைச்சகத்தையும் அப்படியே எழுது.

அந்த 66 வீட்டில் எங்கோ ஓர் அப்பா உன் கட்டுரையை வெட்டிப் பத்திரமாக வைத்திருப்பார். எவரிடமாவது காட்டவும் செய்வார். அவர் கேட்கப்போகிற கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்க வேண்டும்.

அடுத்ததை அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பு. பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்