ஆச்சியின் பயமும் ஒரு மில்லிவோல்ட்டும்

பத்தாம் வகுப்புக்குச் சுற்றோட்டப் பாடம் நடத்தி முடித்த மறுவாரம். குற்றாலச் சாரல் தென்காசி வரை அடித்துக்கொண்டிருந்ததால் வகுப்பில் பாதிப்பேர் தும்மிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி எழுந்தாள். "சார், எங்க ஆச்சிக்கு நெஞ்சு அடைக்குன்னு நேத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். இசிஜி எடுக்க ஒயரக் கொண்டுவந்ததும் எந்திச்சு வந்துட்டா. வயசான காலத்துல எனக்குக் கரண்ட் வைக்க வேண்டாம்னுட்டா. வாயுதான்னு சொல்லிப் பூண்டு தின்னுக்கிட்டு இருக்கா."

வகுப்பு சிரித்தது. "இசிஜி எடுத்தால் ஷாக் அடிக்குமா?" என்று கேட்டேன். சிரித்தவர்களிலேயே பாதிக்கு மேல் "லேசா அடிக்கும் சார்" என்றார்கள். முந்தைய வாரம்தான் பி, கியூஆர்எஸ், டி அலைகளை வண்ணச் சுண்ணக்கட்டியில் வரைந்து காட்டியிருந்தேன். எல்லாரும் பிழையில்லாமல் வரைவார்கள். ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை நான் சொல்லவே இல்லை. குறை என்னுடையதுதான்.

முதல் வேலையாக மாணவியின் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். நெஞ்சு அடைப்பை வீட்டிலிருந்தபடி வாயு என்று முடிவுசெய்யக் கூடாது, இன்றே மறுபடி கூட்டிப்போங்கள் என்றேன். பிறகு பாடத்தை மீண்டும் தொடங்கினேன்.

வலது ஆரிக்கிளில் உள்ள சைனோ ஆரிக்குலார் கணு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மின்தூண்டலை எழுப்புகிறது. அது இதயத்தசை முழுவதும் பரவுகிறது. நம் உடலின் திரவங்கள் உப்புக் கரைசல்கள் என்பதால் அந்த மாற்றம் தோல் வரை வந்து சேர்கிறது. வரும்போது அதன் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்தான். ஒரு டார்ச் பேட்டரியைக் கையில் கொடுத்தேன். அது 1.5 வோல்ட், அதாவது 1500 மில்லிவோல்ட். "இதைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? இதில் 1500-இல் ஒரு பங்கைத்தான் அந்த எந்திரம் கேட்கிறது." கை கால்களில் நான்கு, மார்பில் ஆறு என வைக்கும் பத்து மின்முனைகளும் உடம்பிலிருந்து வருவதை வாங்கிக்கொள்பவை. உள்ளே எதையும் செலுத்துவதில்லை. பிளக் மாட்டுவது, அந்தச் சிறு அளவைப் பெரிதாக்கித் தாளில் வரைவதற்காக.

இந்தப் பயம் ஆச்சிக்கு மட்டும் உரியதன்று. 1887-இல் இலண்டனில் அகஸ்டஸ் வாலர் முதன்முதலாக மனித இதயத்தின் மின்மாற்றத்தைத் தோலின் மேலிருந்தே பதிவுசெய்தார். பிறகு ஜிம்மி என்ற தம் புல்டாக் நாயை உப்புநீரில் கால் வைத்து நிற்கச் செய்து, இதே பதிவை அறிஞர்கள் முன் செய்துகாட்டினார். நாயை வதைக்கிறார்கள் என்று 1909-இல் பிரிட்டன் நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. கடலில் கால் நனைத்தவர்களுக்கு அந்த நாயின் உணர்வு புரியும் என்ற பொருளில் உள்துறை அமைச்சர் பதில் சொன்னார். வாலருக்குப் பின் நெதர்லாந்தின் ஐந்தோவன் இன்னும் துல்லியமான கருவியை அமைத்து 1924-இல் நோபல் பரிசு பெற்றார். அவரிடம் வந்தவர்களும் இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்று தடவும் ஜெல்லி அந்த உப்புநீரின் வேலையைத்தான் செய்கிறது. ஜிம்மியின் கதையை வகுப்பு மறக்காது என்று நினைக்கிறேன். என் வண்ணப் படத்தை மறந்துவிடும்.

"அப்புறம் ஏன் சார் அசையாமப் படுக்கச் சொல்றாங்க?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. எலும்புத் தசைகளும் மின்சாரம் எழுப்புகின்றன. ஐந்தருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே போய்ப் படுத்தால், இதயத்தின் கோட்டோடு நடுக்கத்தின் கிறுக்கலும் சேர்ந்து விழும். குற்றாலத்துப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஆர்வக் கோளாறில் எந்த மாணவனும் வீட்டு மின்சாரத்தோடு இணைந்த கருவியிலிருந்து ஒயர் எடுத்து உடம்பில் ஒட்டிப் பார்க்கக் கூடாது. மருத்துவமனை எந்திரத்தில் அதற்கான காப்பு உண்டு, நாம் செய்வதில் இல்லை. இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அன்று மாலை மாணவி வீட்டில் பேட்டரிக் கணக்கைச் சொல்லியிருக்கிறாள். ஆச்சி போய்ப் படுத்துவிட்டார். மருத்துவர் மாத்திரை எழுதி, மேல்பரிசோதனைக்குத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே நெஞ்சுவலிக்கு முதல்கட்ட மாத்திரைகள் தருகிறார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குத் தடையாக இருப்பது பல நேரம் இப்படியொரு பயம்தான்.

ஆச்சியின் சம்மதத்தோடு அந்தத் தாள் வகுப்புக்கு வந்தது. வெப்பத்தால் எழுதும் தாள் நாளடைவில் மங்கிவிடும் என்பதால் நகல் எடுத்தோம். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு பெரிய கட்டம் 5 மில்லிமீட்டர், ஆகவே 0.2 நொடி. நிமிடத்துக்கு 300 கட்டங்கள். அடுத்தடுத்த இரண்டு ஆர் முனைகளுக்கு இடையே நான்கு கட்டங்களை எண்ணி, 300-ஐ நான்கால் வகுத்து, துடிப்பு 75 என்று கண்டார்கள். "அப்ப ஆச்சிக்கு ஒண்ணுமில்ல" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. துடிப்பை நாம் எண்ணலாம், நோயை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஒருமுறை எடுத்த இசிஜி சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுப்பார்கள் என்றேன்.

மறுநாளே ஆச்சி மூலத்தாளைத் திருப்பிக் கேட்டு ஆளனுப்பிவிட்டார். அடுத்த முறை எடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் கேட்பாராம்.