ஊரையே ஆய்வுக்கூடமாக்கிய மருத்துவர்

காமாலை கண்ட ஒருவரிடம், "இந்நோய் உங்களை எந்த நாளில் தொற்றியது?" என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காது. கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் நோய்க்குறி தோன்றும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. இதை நோயரும்பும் காலம் என்பர். நகரவாசி நாள்தோறும் எத்தனையோ பேருடன் பழகுகிறார். யாரிடமிருந்து, எப்போது தொற்றியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் இதைக் கண்டுபிடித்தவர் ஒரு குடும்ப மருத்துவர். வில்லியம் பிக்கிள்ஸ் (1885–1969) என்பது அவர் பெயர். அய்ஸ்கார்த் என்னும் சிற்றூரில் மருத்துவம் பார்த்தார். யார் யாருக்கு உறவு, யார் எந்தச் சந்தைக்குப் போவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

1929இல் அப்பகுதியில் காமாலை பரவிற்று. 5,700 மக்களில் 250 பேர் படுத்தனர். பிக்கிள்ஸ் நாடி பார்த்து மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை, "ஒரு மாதத்துக்கு முன் எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள்?" என்றும் கேட்டார். வீடு வீடாகச் சென்று கிடைத்த செய்திகளை நாள்வாரியாகக் குறித்தார். அவற்றை வரைபடமாக்க அவர் மனைவி கெர்ட்ரூடு உதவினார்.

ஒரு கிராமத்தில் நோயின் தடம் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. ஊர் விழா நாளன்று காலையில் அவள் படுக்கையில் கிடந்ததைப் பிக்கிள்ஸே பார்த்திருந்தார். அன்று அவள் எழுந்திருப்பாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அவளோ விழாவுக்குப் போய்விட்டாள்! தம் கணிப்புத் தவறியதை அவர் மறைக்காமல் எழுதி வைத்தார்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவருக்குத் தொற்றிய நாளைச் சொல்ல முடியாது. எந்த நாளிலும் தொற்றியிருக்கலாம். ஒரே ஒருமுறை, சிறிது நேரம் மட்டும் சந்தித்தவர்தாம் சரியான சாட்சி. சந்தித்த நாள் தெரியும், நோய் தோன்றிய நாளும் தெரியும்; கழித்தால் விடை வந்துவிடும். இவ்வாறு பிக்கிள்ஸ் பெற்ற விடை 26 முதல் 35 நாள். கருவி ஒன்றுமில்லை, கழித்தல் கணக்குத்தான்!

1939இல் இத்தகைய ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். பின்னர் பிரிட்டனின் பொதுமருத்துவர் கல்லூரிக்கு முதல் தலைவரானார்.

இந்தத் தொற்றுக் காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ் ஏ வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் கண்டது 1973இல்தான். அதன் நோயரும்பும் காலம் சராசரியாக 28 நாள் என்று இன்றைய மருத்துவ நூல்கள் கூறுகின்றன.