கஞ்சமலையும் ஒரு காலாண்டிதழும்

அன்புள்ள தம்பிக்கு,

சேலத்துக்குத் தென்மேற்கே நிற்கும் கஞ்சமலையில் மாக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது நிறைய உண்டு. மழை ஓய்ந்தபின் அடிவார ஓடையில் படிந்த கருமணலுக்குள் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை விட்டு எடுத்தால், மணல் முள்ளம்பன்றிபோலச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டி வரும். அந்தத் தாதுக்கல்லின் அருகே திசைகாட்டியை வைத்தால் ஊசி வடக்கை விட்டு விலகிவிடும். நாமக்கல்லில் பாடி கட்ட நிற்கும் லாரியும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியும்கூட ஊசியைக் குழப்பும். ஓரிடத்தில் எடுத்த அளவு பூமியின் காந்தத்தைச் சொல்கிறதா, பக்கத்து மலையின் காந்தத்தைச் சொல்கிறதா என்பது அந்த ஒரே அளவை வைத்துக்கொண்டு தெரியவே தெரியாது. பல இடங்களின் அளவுகளை ஒப்பிட்டால்தான் தெரியும். புவிக்காந்தவியலுக்கென்று ஓர் உலக இதழ் வேண்டியிருந்தது இதனால்தான்.

முதல் முயற்சி ஜெர்மனியில், காட்டிங்கன் நகரில் நடந்தது. காஸ், வெபர் என்ற இரு அறிஞர்கள் 1836 முதல் 1841 வரை ஒரு காந்தச் சங்கத்தை நடத்தினார்கள். குறித்த நாளில், காட்டிங்கன் கடிகாரப்படி, 5 நிமிடத்துக்கு ஒரு தரம் பல ஊர்களிலும் ஊசியைப் பார்த்து எழுத வேண்டும். முடிவுகள் தொகுதிகளாக அச்சாகும். சங்கம் நின்றதும் தொகுதியும் நின்றது. அதே காலத்தையொட்டிச் சென்னை, சிம்லா, சிங்கப்பூர், பம்பாய்க் கொலாபா என்று ஆய்வகங்கள் வந்தன. அவற்றின் அளவுகள் தனித்தனித் தடித்த புத்தகங்களாயின. சிம்லா புத்தகத்தையும் சென்னைப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

1896இல் அமெரிக்கர் லூயி அக்ரிகோலா பாவர் ‘டெரஸ்ட்ரியல் மாக்னடிசம்’ என்ற பன்னாட்டுக் காலாண்டிதழைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான். பெர்லினில் முனைவர் பட்டம் பெற்று முந்தைய ஆண்டுதான் வெளிவந்திருந்தார். ஆங்கிலத்தோடு ஜெர்மன், பிரெஞ்சுக் கட்டுரைகளுக்கும் இதழில் இடம் இருந்தது. 1899இல் வளிமண்டல மின்னியலும் அதன் பெயரில் சேர்ந்தது.

இத்தகைய இதழில் ஆசிரியருக்கு அதிக வேலை வைப்பது கட்டுரையல்ல, அட்டவணை. ஊசி உண்மை வடக்கிலிருந்து விலகும் காந்த ஒதுக்கம் எவ்வளவு, கிடையிலிருந்து சாயும் காந்தச் சரிவு எவ்வளவு, தரைக்கு இணையான கிடைத்தளப் புலம் எவ்வளவு, எந்தக் கடிகாரப்படி, எந்த அலகில், எந்தக் கருவியில் என்று ஒவ்வொன்றும் தெளிவாக இருக்க வேண்டும். உள்ளூர் நேரத்தை உலக நேரமென்று ஒருவர் தவறாக எழுதிவிட்டால், கொடைக்கானலில் நண்பகலில் கண்ட ஏற்றம் மாலையில் கண்டதாகிவிடும். கருவி இருந்த கட்டடத்தில் இரும்பு ஆணி உண்டா என்பதுகூடக் கேட்க வேண்டிய கேள்விதான். பம்பாய்க்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் கொலாபாவின் காந்த ஆய்வை 1904இல் அலிபாகுக்கு மாற்றினார்கள்.

இதழின் பயன் உடனே தெரிந்துவிடவில்லை. பெரு நாட்டு ஹுவான்காயோவில் நண்பகல் வேளையில் கிடைத்தளப் புலம் மற்ற இடங்களைவிட மிக அதிகமாக ஏறுவது பதிவாகிவந்தது. டென்மார்க்கின் எகெடால் பல நிலையங்களின் அளவுகளை ஒன்றாக அடுக்கி, ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த ஏற்றம் கூடுவதை 1947இல் இதே இதழில் காட்டினார். தரைக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, அயனி மண்டலத்தில், பகலில் பாயும் மின்னோட்டம்தான் காரணம். 1951இல் சிட்னி சாப்மன் அதற்கு எலெக்ட்ரோஜெட் என்று பெயரிட்டார். தமிழில் மின்தாரை எனலாம். இப்படித்தான் தரையில் கிடந்த ஊசியைக் கொண்டே மேல் வளிமண்டலத்தின் ஓர் ஆற்றைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தத் தாரை தென்தமிழ்நாட்டுக்கு மேலேதான் ஓடுகிறது. கொடைக்கானலில் 1923இல் நின்றுபோன காந்த அளவீடு 1949இல் மீண்டும் தொடங்கியது. பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி 1957இல் அண்ணாமலை நகரிலும் திருவனந்தபுரத்திலும் நிலையங்கள் வந்தன. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும் இந்தக் காந்த நடுக்கோடே காரணம். இன்று திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குகிறது. பாவரின் இதழ் 1949இல் பெயர் மாறி, ‘ஜர்னல் ஆஃப் ஜியோபிசிகல் ரிசர்ச்’ என்று இன்றும் வெளிவருகிறது.

அடுத்த முறை கஞ்சமலைப் பக்கம் போகும்போது ஒரு திசைகாட்டியை எடுத்துப் போ. அடிவாரத்தில் ஒரு தரம், அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தரம் பார்த்து, இடத்தையும் நேரத்தையும் மறக்காமல் எழுதிக்கொள். கையில் செல்போன் இருக்க வேண்டாம்.

அன்புடன்,
மாமா