சத்தியம் மட்டும் போதுமா? குடி நோயும் சிகிச்சையும்

இந்த மாதப் பாடத்தை என் வீட்டுக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் தைப்பூசத்துக்கு 48 நாள் இருக்கும்போது என் தாய்மாமாவிடம் நான் ஒரு சத்தியம் வாங்கினேன். மாமாவுக்கு 46 வயது. இருபது வருஷமாகக் குடிக்கிறார், கடைசி சில வருஷமாகக் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். பாட்டி வீட்டுச் சாமி மேடை முன்னால் நிற்க வைத்து, "இனிமே தொட மாட்டேன்னு முருகன் மேல சத்தியம் பண்ணுங்க மாமா, மனசு வச்சா முடியும்" என்றேன். அழுதுகொண்டே சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குப் பெருமை.

அன்று சாயங்காலமே கை நடுங்க ஆரம்பித்தது. வேர்த்துக் கொட்டியது, தூக்கம் இல்லை. ரெண்டாம் நாள் ராத்திரி, வெறும் சுவரைக் காட்டி "எறும்பு ஊருதுடா" என்றார். பாட்டி காத்து கருப்பு என்று பயந்து திருநீறு பூசினார். கொஞ்ச நேரத்தில் மாமா வலிப்பு வந்து கீழே விழுந்தார். 999-க்குப் போன் போட்டோம்.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "இவர் குடிப்பாரா? கடைசியா எப்போ குடிச்சார்?" அத்தை தலையைக் குனிந்துகொண்டார். பாட்டி, "அதெல்லாம் இல்லைங்க" என்றார். நான்தான் சொன்னேன்: "தினமும் குடிப்பார் டாக்டர். நேத்து காலையில நான்தான் நிறுத்த வச்சேன்."

"நிறுத்தச் சொன்னது தப்பில்ல தம்பி. டாக்டர்கிட்ட காட்டாம நிறுத்த வச்சதுதான் தப்பு" என்றார் அவர்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நான் பொறியியல் படிக்கிறவன். எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். நம் மூளையில் பிரேக்கும் உண்டு, எண்ணெய் மிதியும் உண்டு. காபா என்ற ரசாயனம் பிரேக், குளுட்டமேட் என்ற ரசாயனம் எண்ணெய் மிதி. மது பிரேக்கை அழுத்துகிறது. அதனால்தான் குடித்தவருக்குப் பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது.

தினமும் யாரோ பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, எண்ணெயை இன்னும் அழுத்தி மிதிக்கப் பழகிக்கொள்ளும். முன்பு ரெண்டு கிளாஸில் வந்த போதைக்கு இப்போது ஐந்து கிளாஸ் தேவைப்படுவது இதனால்தான். இந்த நிலையில் மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் எண்ணெய் மட்டும்தான் மிச்சம். நடுக்கம், வேர்வை, படபடப்பு முதல் நாளிலேயே வரலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். ரெண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், கடும் காய்ச்சல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் சிலருக்கு வரும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம்.

குடிக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனால் தினமும் நிறைய குடிப்பவரை, காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவரை, வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த வைக்கக் கூடாது.

பழக்கமா, நோயா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியல், பத்தாவது பதிப்பில், ஆறு அடையாளங்களைச் சொல்கிறது.

1. குடிக்க வேண்டும் என்ற அடக்க முடியாத ஆசை.
2. எப்போது ஆரம்பிப்பது, எவ்வளவில் நிறுத்துவது என்ற கட்டுப்பாடு போவது.
3. நிறுத்தினால் நடுக்கம் போன்ற தொல்லைகள் வருவது.
4. அளவு கூடிக்கொண்டே போவது.
5. குடும்பம், வேலை, பிடித்த விஷயங்கள் எல்லாம் பின்னால் தள்ளப்படுவது.
6. கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது.

ஒரு வருஷத்துக்குள் இவற்றில் மூன்று சேர்ந்து இருந்தால் அது சார்பு நோய். ஆறாவதை மறுபடியும் படியுங்கள். "தெரிஞ்சும் குடிக்கிறானே" என்று நாம் திட்டுகிறோமே, அதுவே நோயின் அடையாளம்தான்.

எங்கே போவது?

அருகில் உள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கிலேயே தொடங்கலாம். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விகள் கொண்ட சோதனை ஒன்று இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் போனால் கவனம் தேவை; 20 அல்லது அதற்கு மேல் என்றால் சார்பு நோயாக இருக்கலாம், முழுப் பரிசோதனை வேண்டும். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். மனநலப் பிரிவு என்றதும் பயப்பட வேண்டாம். குடி நோயைப் பார்ப்பதும் அவர்கள் வேலைதான்.

முதல் கட்டம், மதுவை உடம்பிலிருந்து பத்திரமாக வெளியேற்றுவது. டயாசிபாம் போன்ற மருந்தைச் சில நாட்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயாமின் என்ற வைட்டமின் பி1-ம் கொடுப்பார்கள், அது குறைந்தால் மூளை பாதிக்கும். இந்த மருந்துகளை நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

ரெண்டாம் கட்டம்தான் நீளமானது. ஆலோசனை, குடும்பத்தோடு பேசுவது, குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள். யாருக்கு எது பொருந்தும் என்று டாக்டர்தான் முடிவு செய்வார். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன. குடியை விட்டவர்கள், விட முயல்பவர்களோடு உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. கட்டணம் இல்லை.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார். தீபாவளிக்கு மறுபடியும் குடித்தார். வீட்டில் எல்லாரும் இடிந்து போனோம். "மறுபடி விழுறது இந்த நோயில சகஜம். திரும்ப வந்தாரா, அதைப் பாருங்க" என்றார் ஆலோசகர். மாமா திரும்பப் போனார். இன்றோடு ஏழு மாதம். நாளைக்கு எப்படி என்று அவரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

நம் பங்கு என்ன?

1941 கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். கடையை மூடச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கடை இன்னும் மூடவில்லை. ஆனால் கிளினிக் திறந்திருக்கிறது.

திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' 93-வது அதிகாரம் என்று நமக்குத் தெரியும், மேடையில் பேசியும் இருக்கிறோம். ரெண்டே அதிகாரம் தள்ளி 95-வது 'மருந்து'. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு பேரைச் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நான்காவது ஆள்தான் நாம்.

விரதமும் சத்தியமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாமா இன்னும் முருகனைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். மாலை போடுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். போதையில் இல்லாத நேரம் பார்த்துப் பேசுங்கள். "நீங்க குடிகாரர்" என்று ஆரம்பிக்காதீர்கள். "நானும் வர்றேன் மாமா, சேர்ந்து போவோம்" என்று ஆரம்பியுங்கள். டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

வகுப்பில் கலந்து பேச:

1. குடி நோயை மறைப்பதால் நம் குடும்பம் எதைக் காப்பாற்றுகிறது, எதை இழக்கிறது?
2. ஆறு அடையாளங்களில் எதை நாம் இதுவரை "திமிர்" என்று நினைத்திருந்தோம்?
3. நம் தாமானிலிருந்து அருகில் உள்ள சுகாதார கிளினிக் எங்கே இருக்கிறது? அடுத்த வகுப்புக்குள் ஒருவர் போய் விசாரித்து வந்து சொல்லுங்கள்.